முதலில் சாகர், பிறகு ஹோய் ஆன்

ஹைதராபாத் மல்லாபூர் சகோதரிக்கு,

டிசம்பர் விடுமுறையில் வியட்நாமின் ஹோய் ஆனுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாலையில் விளக்குப் படகு, ஒரு நாள் வட்டக் கூடைப் படகு, ஒரு நாள் சாம் தீவு என்று ஏஜென்ட் கொடுத்த அட்டவணையையும் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் இரண்டும் இப்போதே பெட்டி கட்டத் தயார், கணவருக்குச் செலவு இடிக்கிறது, மாமியார் மட்டும் "தண்ணீரைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று கேட்கிறாராம். அட்டவணையைவிட மாமியாரின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. நாச்சாரம், உப்பல், மௌலாலி என்று உங்கள் பக்கத்தில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

ஹோய் ஆனுக்குக் கட்டாயம் போங்கள். டிசம்பரில் வேண்டாம், மே மாதத்துக்குத் தள்ளுங்கள். டிசம்பரில் கிருஷ்ணா ஆற்றின் நாகார்ஜுன சாகர் அணைக்குப் போய், லாஞ்சு ஏறி, நாகார்ஜுன கொண்டா தீவில் இறங்குங்கள். உங்கள் கணவரின் கணக்குக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு நாள் இல்லாமல் ஹோய் ஆனுக்குப் போனால் அங்கே பாதிதான் கண்ணில் படும் என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம் மழை. ஹைதராபாத்தில் சில வருஷம் இருந்துவிட்டால், மழை என்பது ஜூனில் வந்து அக்டோபரோடு போய்விடும் என்று மனசு பழகிவிடுகிறது. ஹோய் ஆன் வேறு பஞ்சாங்கம். கிழக்கே கடல், மேற்கே அன்னாம் மலைத்தொடர், நடுவில் ஒடுங்கிய கரை. வடகிழக்குக் காற்று கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து அந்த மலையில் மோதுகிறது. ஆகவே செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை அங்கே மழையும் புயலும்தான். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்குமோ அப்படி. 2025 அக்டோபர் கடைசியில் தூபோன் ஆறு பெருகி ஹோய் ஆனின் பழைய தெருக்களுக்குள் புகுந்தது; சுற்றுலாவுக்குப் படகு விடும் ஊரில் வீட்டுக்குப் போகவே படகு தேவைப்பட்டது. அந்த மாதங்களில் கடலும் சரியாக இருக்காது. சாம் தீவுக்குப் போகும் விரைவுப் படகுகள் நாள் கணக்கில் கரையிலேயே நிற்கும். உங்கள் அட்டவணையில் இருக்கும் தீவு நாள், ஓட்டல் அறையில் ஜன்னலைப் பார்த்துக் கழியும் நாளாக மாறலாம்.

சாகரில் நேர்மாறு. ஆல்மட்டி, நாராயணபூர், ஜுராலா, ஸ்ரீசைலம் என்று கிருஷ்ணா ஒவ்வோர் அணையாக நிரப்பிக்கொண்டு இறங்கி வந்து ஆகஸ்ட், செப்டம்பரில் சாகரைத் தொடும். நல்ல வருஷமாக இருந்தால் 590 அடி என்ற முழு மட்டத்தை எட்டி, 26 மதகுகளையும் திறப்பார்கள். ஹைதராபாத்தே திரண்டு போய் வேடிக்கை பார்ப்பது அப்போதுதான். அது அணையைப் பார்க்கும் காலம். படகில் போகும் காலம் அதற்குப் பிறகு வருகிறது. நவம்பருக்கு மேல் வெள்ளம் அடங்கி, ஏரி நிறைந்து, வெயிலும் தணிந்திருக்கும். மே மாதத்தில் அதே இடத்தில் கல் சுடும், தண்ணீரும் வெகுவாக இறங்கியிருக்கும். ஹோய் ஆனில் மே என்றால் கடல் தெளிந்து, தீவுப் படகுகள் ஒழுங்காக ஓடும் நேரம். உங்கள் பிள்ளைகளின் இரண்டு விடுமுறைகளையும் இரண்டு ஆறுகளும் தாங்களாகவே பங்கு போட்டுக் கொடுத்திருக்கின்றன.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2022 பிப்ரவரி 26 அன்று சாம் தீவிலிருந்து திரும்பிய விரைவுப் படகு ஒன்று, ஹோய் ஆனின் குவா தாய் முகத்துவாரத்துக்கு அருகே அலையில் கவிழ்ந்து 17 பேர் இறந்தார்கள். வெளிநாடு என்பதால் இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று எண்ணாதீர்கள், நம் பக்கத்துக் கணக்கு இன்னும் கனம். 2019 செப்டம்பர் 15 அன்று பாப்பிகொண்டலு பார்க்கப் போன படகு கச்சுலூரு அருகே கோதாவரியில் மூழ்கியது. ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் தெலங்கானாவிலிருந்து போனவர்கள். ஆறு வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்த நாள் அது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்ததைத் தமிழ்நாட்டில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கரையில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

கச்சுலூருவுக்குப் பிறகு ஆந்திர அரசு மாநிலம் முழுவதும் படகுகளை நிறுத்தியது. நாகார்ஜுன கொண்டா லாஞ்சுகளும் நீண்ட காலம் கட்டிப் போடப்பட்டிருந்தன. ஆகவே புறப்படுவதற்கு முந்தின நாள் போன் போட்டு, லாஞ்சு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் நீங்கள் உட்கார்ந்திருங்கள். காற்று தூக்குகிறது, இன்றைக்குப் போக முடியாது என்று படகுக்காரர் சொன்னால் அவரிடம் வாதாட வேண்டாம். இந்தப் பழக்கத்தைத் தெலுங்கு பேசும் படகுக்காரரிடம் பழகிக்கொள்வது சுலபம். மொழி தெரியாத ஊரில், கடலுக்குள் சீறிப் போகும் படகில் முதல் பாடம் கற்க வேண்டியதில்லை.

மாமியாருக்குத் தண்ணீர் பயம் என்றால் அதற்கும் முன்னால் ஒரு சின்ன ஒத்திகை இருக்கிறது. ஹைதராபாத்தின் லும்பினி பார்க்கிலிருந்து ஹுசைன் சாகர் ஏரி நடுவில் நிற்கும் புத்தரிடம் படகில் போய் வாருங்கள். 58 அடி உயரத்தில் ஒரே கல்லில் அந்தச் சிலையை வடித்தவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி. 1990 மார்ச்சில் சிலையை ஏற்றிப்போன மிதவை சாய்ந்து, தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள். புத்தரும் ஏரிக்கு அடியில் போனார். 1992 டிசம்பரில்தான் அவரை மேலே எடுத்து நிறுத்தினார்கள். இந்த ஊரில் தண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அந்தப் புத்தரே சாட்சி.

இனி மூன்றாவது காரணம். எனக்கு இதுதான் முக்கியம்.

மல்லாபூரிலிருந்து உப்பல், நாகோல், எல்.பி. நகர் வந்துவிட்டால் அப்புறம் சாகர் சாலைதான். இப்ராகிம்பட்டணம், மால், கொண்டமல்லேபள்ளி வழியாகப் போகும் அந்தச் சாலைத் தடத்தில் கோதகொண்டலா, குங்கல் என்ற இடங்களில் நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. சாகர் ஏரியின் கரையில் புட்டம்கண்டி என்ற இடத்தில் எடுக்கும் தண்ணீர், அக்கம்பள்ளி நீர்த்தேக்கம் போய், கோதண்டாபூரில் சுத்தமாகி, இந்த நிலையங்களில் கட்டம் கட்டமாக மேலேறி ஹைதராபாத்துக்கு வருகிறது. நகரம் குடிப்பதில் பெரும்பங்கு அது. நீங்கள் போகும் சாலையில் உங்களுக்கு எதிர்த் திசையில் அந்த ஆறு வந்துகொண்டிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சென்னை உறவினர்களிடமும் சொல்லலாம்: சாகருக்கு மேலே இருக்கும் ஸ்ரீசைலத்திலிருந்து பிரியும் தெலுங்கு கங்கைதான் கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வந்து அவர்கள் வீட்டுக் குழாயிலும் விழுகிறது.

லாஞ்சு ஏறும் துறை வலது கரையில், விஜயபுரி சவுத்தில், அதாவது ஆந்திரப் பக்கம். அங்கிருந்து தீவுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத பயணம். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், பிறகு வெறும் நீர்ப்பரப்பு, சுற்றிலும் நல்லமலைக் குன்றுகள், கொஞ்சம் அலுக்கும். அலுக்கும் அந்த இடத்தில்தான் நீங்கள் பேச்சைத் தொடங்க வேண்டும். லாஞ்சு போய்க்கொண்டிருப்பது ஒரு தலைநகரத்தின் மேல்.

மூன்று பக்கம் குன்றும் நான்காவது பக்கம் கிருஷ்ணாவுமாக இருந்த பள்ளத்தாக்கு அது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஆந்திர இக்ஷ்வாகு மன்னர்களின் விஜயபுரி அங்கே இருந்தது. சாந்தமூலன் என்ற முதல் மன்னன் அசுவமேதம் செய்தவன். அவன் தங்கை சாந்தசிரியோ புத்தருக்கு மகாசைத்தியம் எழுப்பினாள். அண்ணன் யாகசாலையில், தங்கை விகாரையில். அந்த வீட்டுப் பெண்கள் பலரும் பௌத்தத்துக்கு வாரி வழங்கினார்கள் என்று தூண்களில் எழுதியிருக்கிறது. ஆற்றில் கல்லாலான படித்துறை, அடுக்கடுக்காக உட்காரும் இருக்கைகளோடு ஓர் அரங்கம், பல நாட்டுத் துறவிகள் தங்கிய விகாரைகள் என்று அது ஒரு நிறைந்த ஊர்.

பிறகு எல்லாம் மண்மூடிப் போயின. 1926இல் ஏ.ஆர். சரஸ்வதி அந்தத் தூண்களைக் கண்டு சொன்னார். லாங்ஹர்ஸ்ட் 1927 முதல் 1931 வரை தோண்டினார், அடுத்துத் தொல்லியல் துறையின் டி.என். ராமச்சந்திரன் வந்தார். 1955 டிசம்பர் 10 அன்று நேரு அணைக்கு அடிக்கல் நாட்டியபோது, கண்டெடுத்த ஊர் மறுபடி மறையப்போகிறது என்பது உறுதியாகிவிட்டது. ஆர். சுப்பிரமணியம் தலைமையில் 1954 முதல் 1960 வரை, தண்ணீர் வருமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டிப் பார்த்தார்கள். முக்கியமான சில கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து, நடுவில் நின்ற குன்றின் உச்சியிலும் கரையில் அனுப்பு என்ற இடத்திலும் திரும்பக் கட்டினார்கள். மற்றவற்றுக்குச் சிறிய மாதிரிகள் செய்து வைத்தார்கள். 1966இல் குன்றின் மேல் அருங்காட்சியகம் திறந்தது; 1967 ஆகஸ்ட் 4 அன்று இந்திரா காந்தி கால்வாய்களில் தண்ணீர் திறந்துவிட்டார். பள்ளத்தாக்கில் வாழ்ந்த கிராமத்தார் வெளியேறினார்கள். குன்றின் தலை மட்டும் நீருக்கு மேலே நின்று, தீவு என்ற பெயரைப் பெற்றது.

அந்த அணையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு மாநிலங்களின் நெல் அதில் விளைகிறது, உங்கள் வீட்டுச் சோறும் அதில் வெந்ததாக இருக்கலாம். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று தெரிந்துகொண்டு லாஞ்சில் உட்கார்வதற்கும், பாப்கார்னோடு உட்கார்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தீவில் இறங்கியதும் லாஞ்சு எப்போது திரும்பும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, நேரே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மூழ்கிய பள்ளத்தாக்கின் மாதிரி அங்கே இருக்கிறது. எதன் மேல் மிதந்து வந்தோம் என்பது அதைப் பார்த்தால்தான் பிடிபடும். பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் கதைகளைப் பிள்ளைகள் படக்கதையாகவே படித்துவிடும். வெளியே மகாசைத்தியத்தின் அடித்தளம் சக்கர வடிவில் இருக்கும், ஆரங்களை எண்ணச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்றைக்குப் போகாதீர்கள். திரும்பியதும் நேரம் இருந்தால் அனுப்புக்குப் போய் அந்த அரங்கத்தின் மேல்படியில் மாமியாரை உட்காரவைத்து, கீழே நின்று பிள்ளைகள் பேசிப் பார்க்கட்டும். சாகர் ஊரில் தெலங்கானா அரசு அமைத்து 2022இல் திறந்த புத்தவனத்தை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

ஹோய் ஆனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொண்டாவில் கிடைத்த கல்வெட்டுகளில் ஒன்று போதிசிரி என்ற பெண்ணுடையது. அரச குடும்பத்தவள் அல்லாத ஓர் உபாசிகை. தாமிரபரணித் தீவின், அதாவது இலங்கையின், ஆசாரியர்களுக்காக அவள் ஒரு சைத்தியம் கட்டிக் கொடுத்தாள். அந்த ஆசாரியர்கள் அறம் பரப்பிய நாடுகள் என்று காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி என ஒரு பட்டியல் அதில் வருகிறது. தமிழர் நாடும் அதில் இருப்பதாகவே கல்வெட்டறிஞர்கள் படிக்கிறார்கள். கிருஷ்ணாவின் முகத்துவாரப் பக்கம் இருந்த கண்டகசேலம், இன்றைய கண்டசாலா, அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. அந்தக் கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் கிழக்கே போயின.

கிழக்கே போனவை எட்டிய கரைகளில் ஒன்று சம்பா நாடு. ஹோய் ஆன் அதன் துறைமுகம். சாம் தீவுகளின் பெயரிலேயே அந்த மக்கள் இருக்கிறார்கள். தூபோன் ஆற்றில் மேலே போனால் மீ சன் வருகிறது. 4ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் பத்ரவர்மன் அங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை நிறுவினான். பிறகு பல நூற்றாண்டுகள் செங்கல் கோயில்கள் எழுந்தன. ஹோய் ஆனுக்குத் தெற்கே டோங் டுவாங்கில், 875இல் இந்திரவர்மன் அமைத்த பௌத்த மடத்தின் இடிபாடுகளில், 1911இல் வெண்கலப் புத்தர் ஒருவர் கிடைத்தார். மடிப்பு விழும் அவருடைய சீவரத்தைப் பார்த்த அறிஞர்கள் அமராவதியையும் அனுராதபுரத்தையும் நினைத்துக்கொண்டார்கள். அமராவதி எங்கே இருக்கிறது? சாகருக்குக் கீழே, அதே கிருஷ்ணாவின் கரையில். டிசம்பரில் கொண்டாவின் புத்தரைப் பார்த்த பிள்ளைகளுக்கு, மே மாதத்தில் டா நாங் நகரின் சாம் அருங்காட்சியகச் சிற்பங்கள் அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே ஹோய் ஆன் அட்டவணையில் ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். மீ சன் அதில் இல்லவே இல்லை. தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் வண்டியில் போய், திரும்பும்போது தூபோனில் படகில் வரும் ஏற்பாடு அங்கே வழக்கமாக இருக்கிறது. ஆற்றுப் பயணம் என்றால் எனக்கு அதுதான். விளக்குப் படகு அழகுதான். அரை மணி நேரம் போதும். கூடைப் படகு என்பது ஒகேனக்கல் பரிசலின் ஒன்றுவிட்ட தம்பி. மூங்கிலைப் பின்னிச் சாணமும் பிசினும் பூசுவது அவர்கள் முறை. சுற்றிச் சுழற்றி விளையாட்டுக் காட்டுவார்கள், பிள்ளைகள் குதூகலிக்கும், மாமியாருக்குத் தலை சுற்றும். அவரைக் கரையில் உட்காரவைப்பது நல்லது. சாம் தீவில் பவளப்பாறை பார்க்க மூழ்குவதோடு நிறுத்தாமல் ஊருக்குள்ளும் நடக்க நேரம் கேளுங்கள். கப்பல்கள் நன்னீர் பிடித்துக்கொண்டு போன பழங்கிணறு அங்கே இருக்கிறது. 2009இலிருந்து அந்தத் தீவில் பிளாஸ்டிக் பைக்கு இடமில்லை. முறுக்குப் பொட்டலத்தைத் துணிப்பையில் மாற்றிக்கொண்டு போங்கள்.

கோயில் இருந்தால் மாமியார் கிளம்பிவிடுவார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏரியில் தண்ணீர் போதிய அளவு நிற்கும் மாதங்களில் தெலங்கானா சுற்றுலாத் துறை சாகரிலிருந்து ஸ்ரீசைலத்துக்கே லாஞ்சு விடுவதுண்டு. இருபுறமும் புலிகள் காப்பகக் காடு. பகலில் பெரும்பகுதி ஆற்றிலேயே கழியும். லிங்காலகட்டில் இறங்கி மலையேறினால் மல்லிகார்ஜுனர். அது ஓடினால் தீவுக்கு ஒரு நாள், ஸ்ரீசைலத்துக்கு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் திணித்தால் இரண்டும் கெடும்.

ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கவலை விட்டது. கொடுத்துவிட்டால் இன்றைக்கே போன் செய்து தேதியை மே மாதத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள், கட்டணம் பிடித்தாலும் பரவாயில்லை. மாற்ற முடியாது என்றால், கடல் சரியில்லாமல் தீவுப் படகு ரத்தானால் அந்தப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கத் தயங்குகிற ஏஜென்டிடம் குடும்பத்தை ஒப்படைக்க வேண்டாம்.